வாயுள்ள பிள்ளை பிழைக்கும்



தோட்டத்திலே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு வெளிநாட்டிலே படிக்க இடம் கிடைத்துவிட்டது என்றால், அந்தச் செய்தி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. லயம் முழுவதும் பரவிவிடுகிறது. காலைப் பெரட்டிலும் அதே பேச்சு, கோயில் வாசலிலும் அதே பேச்சு. உபகாரச் சம்பளம் எவ்வளவு, விமானச் செலவு யார் கொடுப்பது, கம்பளிச் சட்டை எங்கே வாங்குவது என்று ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். ஆனால், "பிள்ளை யார் வீட்டிலே தங்கப் போகிறது? அந்த வீட்டிலே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?" என்ற கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளிலே சிலர் விடுதியில் தங்குகிறார்கள். சிலர் நண்பர்களோடு சேர்ந்து வாடகைக்கு வீடு எடுக்கிறார்கள். இன்னும் சிலர், குறிப்பாக 18 வயது நிறையாதவர்கள், அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டிலே ஓர் அறையில் தங்கி, அவர்களோடு உண்டு, அங்கிருந்து படிக்கப் போகிறார்கள். இதை 'ஹோம்ஸ்டே' என்கிறார்கள். நம் நாட்டிலே ஹோம்ஸ்டே என்றால் சுற்றுலாப் பயணிகள் கம்பத்து வீட்டிலே இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவது நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்டதன்று. ஓராண்டோ இரண்டாண்டோ இன்னொருவர் குடும்பத்துக்குள் வாழ்கிற வாழ்க்கை.

பிறர் வீட்டிலே தங்கிப் படிப்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. தோட்டத்திலே இடைநிலைப் பள்ளி இல்லாததால், டவுனிலே சித்தப்பா வீட்டிலோ அத்தை வீட்டிலோ தங்கிப் படித்தவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். வெளிநாட்டு வீடுகளும் அப்படித்தான். 1950ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பு நகரிலே காமன்வெல்த் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கூடிப் பேசியதன் பலனாகக் 'கொழும்புத் திட்டம்' பிறந்தது. 1951ஆம் ஆண்டிலே அது நடைமுறைக்கு வந்தது. அந்தத் திட்டத்தின் கீழ் மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாணவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் படித்தார்கள். அவர்களிலே பலர் அங்குள்ள குடும்பங்களின் வீடுகளிலேதான் தங்கினார்கள். ஆசிய முகத்தையே பார்த்திராத தெருக்களிலே அவர்கள் நடந்துபோன காலம் அது. ஆகவே, இந்தப் பாதையிலே நமக்கு முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள்.

நாடு ஒவ்வொன்றுக்கும் பழக்கம் வேறு. எல்லா நாட்டையும் ஓர் உரையிலே அடக்க முடியாது. நம் பிள்ளைகள் அதிகம் போகிற நாடுகளிலே ஒன்றான ஆஸ்திரேலியாவை, அதிலும் மெல்பர்ன் நகரை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரிலிருந்து அங்கே போக விமானத்திலே ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். நமக்கு வெயில் அடிக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் அங்கே குளிர்காலம். ஜூலை மாத இரவுகளிலே 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அங்கே வழக்கம். கேமரன் மலை இரவைக் காட்டிலும் கடுமையான குளிர் அது.

முதலிலே ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். 18 வயது நிறையாத பிள்ளை பெற்றோரோடோ, தகுந்த உறவினரோடோ தங்கவில்லை என்றால், அது எங்கே தங்குகிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்குப் படிக்கும் பள்ளியே ஒப்புதல் தந்து பொறுப்பேற்கலாம். அப்படிப் பொறுப்பேற்ற பள்ளி, பிள்ளை தங்குவதற்கு முன்பே அந்த இடம் தகுந்ததுதானா என்று சரிபார்க்க வேண்டும். அதன் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது சரிபார்க்க வேண்டும். பிள்ளைக்கு இடம் தருகிற பெரியவர்கள், பிள்ளைகளோடு பழகத் தகுதியானவர்கள் என்ற அரசாங்கச் சான்று பெற்றிருக்க வேண்டும். பள்ளியின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளை தன் விருப்பப்படி வீடு மாறக் கூடாது. மாறினால் விசாவுக்கே ஆபத்து வரும். அந்தக் குடும்பத்துக்கு அறைக்கும் சாப்பாட்டுக்குமாக வாரக் கணக்கிலே பணம் கொடுக்கிறோம். பணம் கொடுக்கிறோம் என்பதற்காக அந்த வீடு சாப்பாட்டுக்கடை ஆகிவிடாது. அவர்கள் நம் பிள்ளையை வேலையாளாக வைத்துக்கொள்ளவும் முடியாது. பிள்ளை அங்கே பாதி விருந்தாளி, பாதி வீட்டு ஆள்.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். நம் வீடுகளிலே நல்ல பிள்ளை என்று யாரைச் சொல்கிறோம்? வாய் திறக்காத பிள்ளையை. பெரியவர்கள் பேசும்போது தலை குனிந்து நிற்கிற பிள்ளையை. பசித்தாலும் "எனக்கு வேண்டும்" என்று கேட்காத பிள்ளையை. "ரொம்ப அடக்கமான பிள்ளை" என்று ஊரே மெச்சுகிறது. இதே அடக்கத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு மெல்பர்ன் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா? "இந்தப் பிள்ளைக்கு நம் வீடு பிடிக்கவில்லை போலிருக்கிறது. நம் முகத்தைப் பார்த்துக்கூடப் பேச மாட்டேன் என்கிறதே" என்று அந்த வீட்டுக்கார அம்மாள் மனம் வருந்துவாள். இங்கே மரியாதையாக இருந்தது அங்கே கோபமாகவும் வெறுப்பாகவும் தெரிகிறது. பிள்ளை மேலும் குற்றமில்லை, அந்த அம்மாள் மேலும் குற்றமில்லை.

சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால், "சாப்பிடுங்கள்" என்கிறோம். அவர் "வேண்டாம்" என்கிறார். நாம் விடுவதில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வற்புறுத்துகிறோம். அதன் பிறகே அவர் இலையிலே கை வைக்கிறார். கேட்பதும் மறுப்பதும் வற்புறுத்துவதும் நமக்கு ஒரு பண்பாடு. அங்கே வீட்டுக்கார அம்மாள், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்பாள். நம் பிள்ளை கூச்சத்தோடு "வேண்டாம்" என்னும். அவளும் "சரி" என்று பாத்திரத்தை எடுத்து வைத்துவிடுவாள். வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது அங்கே மரியாதைக் குறைவு. பிள்ளை பசியோடு படுக்கப் போகும். 'இரண்டாவது முறை கேட்கக்கூட இல்லையே, அன்பில்லாத வீடு' என்று நினைத்து அழும். அந்த அம்மாளோ, பிள்ளை வயிறாரச் சாப்பிட்டது என்ற நினைப்பிலே நிம்மதியாகத் தூங்குவாள்.

இன்னொன்று, தலையசைப்பு. நாம் 'ஆம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டிலே மெல்ல ஆட்டுவோம். அவர்களுக்கு அது 'இல்லை' என்றோ, 'என்னவோ போ' என்றோ தோன்றும். ஆகவே, தலையை ஆட்டுவதோடு நிறுத்தாமல் வாயைத் திறந்து பதில் சொல்லப் பழக வேண்டும்.

நன்றி சொல்வதும் அப்படியே. அம்மா தேத்தண்ணி கொடுத்தால் நம்மிலே யார் நன்றி சொல்கிறோம்? சொன்னால், "என்னடா, அந்நியன் மாதிரி பேசுகிறாய்?" என்று அம்மாவே கேட்பாள். அங்கே கணவன் மனைவிக்கும் நன்றி சொல்கிறான், தாய் தன் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் நன்றி சொல்கிறாள். உப்பை எடுத்துக் கொடுத்தால் 'தேங்க் யூ'. தண்ணீர் வேண்டும் என்றால் 'ப்ளீஸ்'. இந்த இரண்டு சொல்லும் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல பிள்ளையும் முரட்டுப் பிள்ளையாகத் தெரியும். வீட்டுப் பெரியவர்களைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்வார்கள். நம் பிள்ளைக்கு நா எழாது. 'ஆன்ட்டி' என்று கூப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ளட்டும். வேண்டாம், பெயரே போதும் என்றால் பெயரையே சொல்லட்டும். அங்கே அது அவமரியாதை ஆகாது.

அடுத்து, அந்த வீட்டின் நடைமுறை. நாம் காலையிலும் மாலையிலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்தே பழகியவர்கள். அங்கே, "ஷவரிலே நாலு நிமிடத்துக்கு மேல் நிற்காதே" என்று சொன்னால் நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். காசு வாங்கிக்கொண்டு தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிறார்களே என்று தோன்றும். காரணம் தெரிந்தால் கோபம் வராது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தை 1997ஆம் ஆண்டிலிருந்து 2009ஆம் ஆண்டு வரை நீண்ட வறட்சி வாட்டியது. அணைகள் வற்றின. ஆளுக்கு ஒரு நாளைக்கு 155 லிட்டருக்குள் தண்ணீரை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று 2008ஆம் ஆண்டிலே நகர மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். நான்கு நிமிடத்திலே மணல் இறங்கிவிடும் சிறு கடிகாரத்தைக் குளியலறைச் சுவரிலே ஒட்டி வைத்த வீடுகள் பல. நிமிடத்துக்கு 9 லிட்டர் விடும் ஷவரின் கீழே 15 நிமிடம் நின்றால் 135 லிட்டர் போய்விடும். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கென்று வைத்த பங்கிலே பெரும்பகுதி ஒரு குளியலிலேயே தீர்ந்துபோகும். வெந்நீர் தொட்டியிலே இருந்து வருகிற வீடாக இருந்தால், அடுத்துக் குளிப்பவருக்குப் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

குளியலறையிலே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் குளியலறையிலே தண்ணீரை எங்கே ஊற்றினாலும் அது ஓடிவிடும். அங்கே ஷவர் நிற்கும் மூலையைத் தவிர மற்றத் தரை காய்ந்தே இருக்க வேண்டும். வெளியே கம்பளம் விரித்திருப்பார்கள். தண்ணீர் கசிந்தால் தரைப்பலகை ஊறிக் கெட்டுவிடும். குளித்து முடித்ததும் தரையைத் துடைத்துவிட்டு வரட்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கிற பிள்ளை, தலையணையின் மேல் ஒரு துண்டை விரித்துப் படுக்கட்டும்.

சாப்பாட்டு நேரம் அங்கே முன்கூட்டியே வரும். பல வீடுகளிலே மாலை ஆறு, ஆறரைக்கெல்லாம் மேசை போட்டுவிடுவார்கள். சில வீடுகளிலே இரவுச் சாப்பாட்டையே 'டீ' என்று சொல்வார்கள். "டீக்கு வந்துவிடு" என்றால் வெறும் தேத்தண்ணி என்று நினைத்து வெளியே சாப்பிட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. வர நேரமாகும் என்றால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அதே போல, விருந்துக்கு அழைத்துவிட்டு, "ஒரு பிளேட் கொண்டு வா" என்பார்கள். வெறுந்தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நின்ற வெளிநாட்டார் கதைகள் அங்கே உண்டு. எல்லாரும் பகிர்ந்துண்ண ஒரு பலகாரமோ கறியோ செய்து கொண்டு வா என்பதே அதன் பொருள். இவற்றையெல்லாம் யாரும் பாடப் புத்தகத்திலே எழுதி வைக்கவில்லை. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் தெரிந்துபோகும். கேட்காவிட்டால் தெரியாது.

மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் நம்மிலே பல. தங்கும் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்னே ஒரு பாரத்தை நிரப்பச் சொல்வார்கள். என்ன சாப்பிடுவாய், எதைத் தொடமாட்டாய், நாய் பூனை இருந்தால் பரவாயில்லையா என்றெல்லாம் அதிலே கேட்டிருக்கும். கூச்சப்பட்டு, 'எதுவும் சரி' என்று எழுதிவிடாதீர்கள். அங்கே நாய் வீட்டுக்குள்ளேயே படுத்திருக்கும், நாற்காலியிலும் ஏறும். பயப்படுகிற பிள்ளையானால் அதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

தாய்மார்களே, பெட்டி கட்டும்போது கவனம் தேவை. ஊறுகாய், கருவாடு, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் என்று அள்ளி வைக்க உங்கள் கை துடிக்கும். ஆஸ்திரேலியாவிலே உணவுப் பொருள், செடி, விதை, இறைச்சி ஆகியவற்றுக்குக் கடுமையான சோதனை உண்டு. உண்ணும் பொருள் எது இருந்தாலும் நாட்டுக்குள் நுழையும்போது நிரப்பும் அறிக்கையிலே 'இருக்கிறது' என்று குறித்துக் காட்ட வேண்டும். காட்டினால், ஆகாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம் போடுவார்கள். விசாவை ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பச்சைக் கறிவேப்பிலையையும் பழத்தையும் வைக்கவே வேண்டாம். அங்கே போன பிறகு கருவாடு பொரிக்கவோ சம்பால் வதக்கவோ ஆசை வந்தால், அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்துச் செய்யட்டும். சாம்பிராணி, கற்பூரம், குத்துவிளக்கு ஆகியவற்றுக்கும் இதே விதி. அங்குள்ள வீடுகளிலே புகை பட்டவுடன் அலறும் கருவியைக் கூரையிலே பொருத்தியிருப்பார்கள். எங்கே, எப்படி விளக்கு வைக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலானோர் ஒரு வழி சொல்வார்கள்.

ஆண்பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விடியற்காலையிலே நீங்கள் பால்மரம் வெட்டப் போய்த் திரும்பி வந்தும், மகன் சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுகிறீர்கள். அங்கே அந்தத் தட்டை யாரும் கழுவ மாட்டார்கள். புறப்படுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே தட்டுக் கழுவுவது, துணி துவைத்து இஸ்திரி போடுவது, படுக்கையை மடித்து வைப்பது, ஒரு சோறு ஒரு குழம்பு வைப்பது ஆகியவற்றைப் பழக்கிவிடுங்கள். ஒருநாள் அந்த வீட்டாருக்கு அவனே ஒரு பருப்புக் கறி வைத்துக் கொடுத்தால், அன்றைக்குப் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

மனத்தைப் பற்றியும் பேச வேண்டும். கலர்வோ ஓபர்க் என்ற மானிடவியல் அறிஞர், அந்நிய நாட்டுக்குப் போகிறவர்களின் மனநிலையைப் பற்றி 1960ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலிலே எல்லாம் அழகாகத் தெரியும். பிறகு எல்லாமே எரிச்சலூட்டும். அதன் பிறகு மெல்லத் தெளியும். கடைசியிலே பழகிப்போகும் என்று நான்கு படிகளாக அவர் அதைப் பிரித்துக் காட்டினார். எல்லாருக்கும் அச்சாக இப்படியே நடக்கும் என்பதில்லை. ஆனாலும் போன புதிதிலே சிரித்துப் பேசிய பிள்ளை சில வாரம் கழித்து, "எனக்கு இங்கே ஒன்றும் பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிடட்டுமா?" என்று கேட்டால் பதறிவிடாதீர்கள். அது நடுவழியிலே வருகிற மேடு. தமிழ்ப்பள்ளியிலே இருந்து புகுமுக வகுப்புக்குப் போன பிள்ளைகள், முதல் சில மாதம் மலாய் மொழி பிடிபடாமல் திணறியதை நாம் பார்த்திருக்கிறோம். திணறித்தான் தேறினார்கள்.

அந்தக் காலத்திலே நீலநிற விமானக் கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வரவே வாரக் கணக்காகும். இப்போது வாட்ஸ்அப்பிலே முகம் பார்த்துப் பேசுகிறோம். அதிலும் நிதானம் வேண்டும். மெல்பர்னிலே நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்கும்; கோடைகாலத்திலே மூன்று மணி நேரம். நீங்கள் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அங்கே பதினொன்றோ பன்னிரண்டோ ஆகியிருக்கும். வீடு அடங்கிய நேரத்திலே நம் பிள்ளையின் பேச்சுக்குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாக இருக்காது. வாரத்திலே இரண்டு நாள், ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேசும்போது, "சாப்பிட்டாயா? உடம்பு எப்படி?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு "ம்" என்ற பதில் போதும். "இன்றைக்கு அந்த வீட்டிலே யாரோடு என்ன பேசினாய்? என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதிலிலே பிள்ளையின் நிலை தெரிந்துவிடும். நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. தோட்டத்திலே தாத்தாவுக்கு நோய் என்றால், "படிக்கிற பிள்ளை, சொல்ல வேண்டாம்" என்று மறைக்கிறோம். அங்கே பிள்ளையும், "அப்பா அம்மா கஷ்டப்படுகிறார்கள், சொல்ல வேண்டாம்" என்று தன் துன்பத்தை மறைக்கிறது. இரண்டு பக்கமும் அன்பினாலே மறைத்துக்கொண்டிருந்தால், தொலைபேசி இருந்து என்ன பயன்?

இங்கேதான் பெற்றோர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குளிர், புதுச் சாப்பாடு, நாலு நிமிடக் குளியல் இவை பழக வேண்டிய சங்கடங்கள். ஆனால் வயிற்றுக்குப் போதிய உணவு தராதது, அனுமதியில்லாமல் அறைக்குள் நுழைவது, வேண்டாத விதமாகத் தொடுவது, கடப்பிதழைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, தங்கள் குழந்தைகளை ஓயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது இவை பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. தகுந்த சோதனை செய்துதான் வீட்டைத் தருகிறார்கள். பெரும்பாலோர் நல்ல மனிதர்கள். ஆனாலும் ஒரு வீட்டிலே தவறு நடந்துவிட்டால், அடக்கமான பிள்ளைதான் அதிகம் துன்பப்படும்.

அப்படிப்பட்ட பிள்ளை உங்களிடம் வாய் திறந்தால், "பொறுத்துக்கொள் அய்யா, படிப்பு கெட்டுவிடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களைக் கவனிப்பதற்கென்று பள்ளியிலே ஒருவர் பொறுப்பிலே இருப்பார். அவருடைய பெயரும் எண்ணும் பிள்ளையிடமும் இருக்க வேண்டும், உங்கள் வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அவரிடம் சொன்னால், வேறு வீட்டுக்கு முறைப்படி மாற்ற வழி உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் ஆஸ்திரேலியாவிலே அழைக்க வேண்டிய எண் 000. இதைப் புறப்படும் முன்பே பிள்ளைக்கு மனப்பாடம் செய்து வையுங்கள்.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ஆனாலும் நாம் பல வீடுகளிலே பிள்ளையின் வாயை அடக்கியே வளர்த்துவிட்டோம். பிள்ளை புறப்படுவதற்கு இன்னும் சில மாதம் இருக்கிறது என்றால், இன்று இரவு சாப்பாட்டின் போதே தொடங்கலாம். "எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்", "இது எனக்கு ஒத்துக்கொள்ளாது", "எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்", "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்ற நான்கு வாக்கியங்களையும் முகம் பார்த்து, பணிவோடு, தெளிவாகச் சொல்லப் பழக்குங்கள். முதலிலே நம் வீட்டிலே, நம் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அப்பா முறைக்காமல் கேட்டுக்கொள்ளட்டும். இங்கே சொல்ல முடிந்த பிள்ளை அங்கேயும் சொல்லும்.

பிள்ளை ஓராண்டு கழித்து விடுமுறையிலே வரும்போது, நீங்கள் கொடுக்கும் தேத்தண்ணிக்கு 'தேங்க் யூ' சொல்லலாம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கலாம். "வெள்ளைக்காரன் ஆகிவிட்டான்" என்று கேலி பேசாமல், கழுவட்டும் என்று விட்டுவிடுங்கள்.